ஆறாம் எண் சட்டை

பந்தை உதைப்பதும் ஒரு தொழிலாகுமா என்ற சந்தேகம் நம்மவர்களில் பலருக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பையன் மாலை வேளையில் மைதானத்துக்குப் போய் வந்தால் தேகத்துக்கு நல்லது. பரீட்சை நெருங்கினால் அதையும் நிறுத்திவிட வேண்டும். நமது குடும்பங்களில் இது எழுதப்படாத சட்டம். இங்கிலாந்திலோ, 1885-ஆம் வருஷத்திலேயே, கூலி வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுவதை அவ்வாட்டத்தின் நிர்வாகிகள் அங்கீகரித்துவிட்டார்கள். அது முதல் அங்கே கால்பந்தாட்டக்காரன் என்பவன் தச்சனையும் கொல்லனையும் போல ஒரு தொழிலாளி. காலையில் வேலைக்குப் போகிறான். வார முடிவில் சம்பளம் வாங்குகிறான். உடம்புக்கு வந்துவிட்டால் வேலையை இழக்கிறான்.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. வெற்றி பெற்றவனுடைய படம் பத்திரிகைகளில் வருகிறது. அவன் வந்து நின்ற இடத்தில் அதற்கு முன் நின்றவன் யார், அவன் கதி என்னவாயிற்று என்று விசாரிப்பவர்கள் அரிது. இங்கிலாந்து தேசத்தின் காவல் ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர் என்று பெயரெடுத்த பாபி மூருடைய இளமைக் காலத்தைப் படிக்கும்போது, அவ்வாறு விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய பிற்காலக் கீர்த்தி உலகறிந்த செய்தி. அந்தக் கீர்த்திக்கு அஸ்திவாரம் போட்ட முதல் சில வருஷங்களின் கதையையே நாம் இங்கே சொல்லப் புகுகிறோம்.

காவல்காரன் பாடு

இவ்வாட்டத்தில் பழக்கமில்லாத நேயர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு கோஷ்டிக்குப் பதினொரு பேர். எதிரியின் கோலை நோக்கிப் பாய்கிறவர்கள் ‘பார்வர்டு’கள். தங்கள் கோலைக் காக்கப் பின்னால் நிற்கிறவர்கள் ‘பேக்’குகள். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, எதிரியைத் தடுக்கவும் வேண்டும், பந்தைப் பெற்று முன்னே அனுப்பவும் வேண்டும் என்ற இரட்டைப் பொறுப்பைச் சுமப்பவர்கள் ‘ஹாப்-பேக்’குகள். நாம் சொல்லும் காலத்தில் ஒவ்வோரிடத்துக்கும் ஓர் எண் உண்டு. இடதுபுறத்து ஹாப்-பேக்கின் சட்டை முதுகிலே 6 என்று பெரிதாக எழுதியிருக்கும். இந்த ஆறாம் எண் சட்டை நமது கதையில் ஒரு முக்கியமான பாத்திரம்.

காவல் செய்கிறவனுடைய பாடு பரிதாபமானது. கோல் போட்டவனை ஜனங்கள் தோள்மீது தூக்கிக்கொண்டு கூத்தாடுவார்கள். பத்துத் தடவை கோல் விழாமல் தடுத்தவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். பதினோராவது தடவை அவன் தவறிவிட்டால் மட்டும் அவனுடைய பெயர் எல்லார் நாவிலும் அடிபடும். நமது தெருக்களில் இராக்காவல் புரிகிறவனுடைய நிலைமையும் ஏறக்குறைய இதுதான் அல்லவா? திருட்டுப் போகாத இரவுகளுக்காக அவனை யார் பாராட்டுகிறார்கள்?

பருமனான பையன்

1941-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ஆம் தேதி. ஜெர்மன் விமானங்கள் லண்டன் நகர்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த காலம். லண்டனுக்குக் கிழக்கே, தொழிலாளர்கள் நிறைந்த பார்க்கிங் என்னும் ஊரில் பாபி மூர் பிறந்தான். தந்தை மின்சார வேலை செய்து பிழைப்பவர். பெற்றோருக்கு அவன் ஒரே பிள்ளை. தாயார் சுத்தத்தில் மிகுந்த கருத்துள்ளவர். மகனுடைய விளையாட்டு உடைகளைத் துவைத்து இஸ்திரி போடுவதோடு நில்லாமல், அவனுடைய பூட்ஸ் கயிற்றைக்கூடத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாராம். இந்தப் பழக்கம் மகனையும் பற்றிக்கொண்டது. கடைசிவரையில், ஆடையிலும் நடையிலும் ஒரு சுருக்கம் விழாதவர் என்று பாபி மூர் பெயர் வாங்கினார்.

இளமையில் பையன் கொஞ்சம் பருமன். சகாக்கள் ‘குண்டன்’ என்ற பொருள்பட அவனைப் பரிகாசமாக அழைத்தார்கள். ஓட்டத்தில் வேகம் போதாது. உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டுவதிலும் சாமர்த்தியம் குறைவு. காவல் ஆட்டக்காரனுக்கு இவை இரண்டும் இன்றியமையாதவை என்பது எல்லாருடைய அபிப்பிராயம். அவனைப் பார்த்துவர அனுப்பப்பட்ட ஒருவர், இந்தப் பையன் உலகத்தைப் பிரமிக்க வைக்கப் போகிறவன் அல்லன் என்றும், ஆயினும் சலியாமல் உழைக்கிறான் என்றும், பயிற்சிக்கு அழைத்துப் பார்க்கலாம் என்றும் எழுதினாராம். இதைவிடச் சுவாரஸ்யமற்ற சிபாரிசை நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. 1956-ஆம் வருஷத்தில், பதினைந்து வயதில், அவன் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற சங்கத்தில் சேர்ந்தான்.

இந்தச் சங்கம் 1895-ஆம் வருஷத்தில் தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் பட்டறைத் தொழிலாளிகளால் தொடங்கப்பட்டது. பெரிய பணமோ பெரிய புகழோ அதற்கு அப்போது கிடையாது. 1932-ஆம் வருஷத்தில் முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறங்கியது. இருபத்தாறு வருஷங்கள் அங்கேயே கிடந்தது. அச்சங்கத்தில் சேர்ந்த சிறுவர்களுக்கு ஆட்டம் மட்டும் வேலையல்ல. பெரியவர்களுடைய பூட்ஸைத் துடைக்க வேண்டும். ஜனங்கள் நின்று பார்க்கும் படிக்கட்டுகளைப் பெருக்க வேண்டும். எத்தனையோ சிறுவர்கள் இவ்வாறு இரண்டு மூன்று வருஷம் பெருக்கியும் துடைத்தும் பார்த்துவிட்டு, ‘நீ தேறமாட்டாய்’ என்று சொல்லப்பட்டு வீடு திரும்பினார்கள். பாபியும் அவ்வாறு திரும்பியிருக்கலாம். திரும்பாமல் தடுத்தவர் ஒருவர் இருந்தார்.

காப்பிக் கடைப் பள்ளிக்கூடம்

அவர் பெயர் மால்கம் ஆலிஸன். வெஸ்ட் ஹாம் கோஷ்டியின் காப்டன். ஆட்டத்தில் அபாரமான நிபுணர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவரைப்போல் இரவும் பகலும் சிந்தித்தவர்கள் அப்போது இங்கிலாந்தில் வெகு சிலரே. ராணுவ சேவையின்போது ஆஸ்திரியாவில் இருந்தவர். அந்நாட்டாரும் ரஷ்யச் சிப்பாய்களும் பந்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்யும் முறையைக் கண்டு ஆச்சரியப்பட்டவர். இங்கிலாந்திலோ, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதே பயிற்சி என்று நினைத்திருந்தார்கள்.

அச்சமயம் ஆங்கிலேயர்களுக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. இந்த ஆட்டத்தை உலகுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் தாங்களே என்று அவர்கள் இறுமாந்திருந்தார்கள். 1953-ஆம் வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி ஹங்கேரி நாட்டுக் கோஷ்டி லண்டன் வெம்பிளி மைதானத்துக்கு வந்து, ஆறு கோலுக்கு மூன்று கோல் என்ற கணக்கில் இங்கிலாந்தை முறியடித்துவிட்டுப் போயிற்று. ஆசிரியர் மாணவனிடம் தோற்றதுகூடப் பெரிதல்ல. தோற்ற விதந்தான் உறைத்தது. ஹங்கேரியர்கள் பந்து வருமுன்பே அடுத்து என்ன செய்வது என்று அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலோர் இந்தத் தோல்வியைத் துரதிருஷ்டம் என்று சொல்லித் தேறிக்கொண்டார்கள். ஆலிஸன் போன்ற சிலர் மட்டும் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

வெஸ்ட் ஹாம் மைதானத்துக்கு அருகே காஸட்டாரி என்ற காப்பிக் கடை ஒன்று இருந்தது. காலைப் பயிற்சி முடிந்ததும் ஆலிஸனும் நோயல் கான்ட்வெல், ஜான் பாண்டு முதலிய சகாக்களும் அங்கே போய்ச் சாப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்தபின் உப்புப் புட்டியும் மிளகுப் புட்டியும் ஆட்டக்காரர்களாக மாறிவிடும். ‘இவன் இங்கே போனால் அவன் எங்கே நிற்பான்?’ என்று மேஜைமேல் நகர்த்தி நகர்த்தி மணிக்கணக்கில் வாதம் நடக்கும். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் அநேகர் பிற்காலத்தில் பெரிய சங்கங்களுக்கு மானேஜர்களானார்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசுவதாக நம் பிள்ளைகளை நாம் கோபிக்கிறோமே, எல்லாப் பேச்சும் வெட்டிப் பேச்சு அல்ல போலும்!

ஆலிஸன் வாரத்தில் இரண்டு மாலைகள் சங்கத்துச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிறுவர்களில் பருமனான பாபி மூரும் ஒருவன். மற்றப் பையன்களிடம் கண்ணைக் கவரும் திறமைகள் இருந்தன. பாபியிடம் இருந்தது ஒன்றே: சொன்னதைக் கேட்டான்; கேட்டதை மறக்கவில்லை; ஓயாமல் கேள்வி கேட்டான்.

ஆலிஸன் அவனுக்குக் கற்பித்ததன் சாரத்தை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். பந்து இப்போது என்னிடம் வந்தால் அதை யாரிடம் கொடுப்பேன்? பந்து தன்னிடம் இல்லாத ஒவ்வொரு கணமும் இந்தக் கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டுப் பழகியவனுக்கு ஆடுகளம் முழுவதும் ஒரு சித்திரம்போல் மனத்தில் பதிந்துவிடுகிறது. எதிரி பந்தை எங்கே அனுப்பப் போகிறான் என்பதும் அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அப்படித் தெரிந்துவிட்டால் வேகமாக ஓட வேண்டிய அவசியம் இல்லை; மற்றவன் ஓடிவந்து சேருமுன் இவன் அங்கே நின்றுகொண்டிருப்பான். உயரத்துப் பந்துக்கு எம்பவும் வேண்டியதில்லை. அது இறங்கும் இடத்தை அறிந்து மார்பில் ஏந்திக்கொள்ளலாம். கால்களில் இருந்த குறையைக் கண்களாலும் மனத்தாலும் நிரப்பிக்கொள்ளும் வித்தை இதுவே. பிற்காலத்தில் பாபி மூர் அவசரப்பட்டு ஓடிப் பார்த்ததில்லை என்று ஜனங்கள் வியந்தார்கள். அந்த நிதானம் பிறவியில் வந்ததன்று. செவ்வாயும் வியாழனுமாக மாலை வேளைகளில் பாடம் கேட்டுச் சம்பாதித்தது.

க்ஷயரோகம்

1957-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஷெபீல்டு நகரில் ஒரு பந்தயம் நடந்தது. அதன் பின்னர் ஆலிஸன் நோய்வாய்ப்பட்டார். வைத்தியர்கள் சோதித்து, க்ஷயரோகம் என்று சொல்லிவிட்டார்கள். சஸ்திர சிகிச்சை செய்து ஒரு நுரையீரலை அகற்றவேண்டி வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது! அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே பருவத்தில் வெஸ்ட் ஹாம் கோஷ்டி இரண்டாம் வகுப்பில் முதலாவதாகத் தேறி, இருபத்தாறு வருஷங்களுக்குப் பின் முதல் வகுப்புக்கு ஏறியது. ஆலிஸன் பல வருஷங்கள் உழைத்துக் கட்டிய வீடு. கிருகப்பிரவேசத்தன்று அவர் வெளியே நின்றார். ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. ஒற்றை நுரையீரலுடன் பயிற்சியை ஆரம்பித்தார். இரண்டாவது கோஷ்டியில் ஆடினார். முதல் வகுப்பில் வெஸ்ட் ஹாம் சட்டையை அணிந்து ஒரே ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த 1958-ஆம் வருஷக் கோடையிலேதான் பாபி மூர், பதினேழு வயதில், சம்பளம் பெறும் ஆட்டக்காரனாகச் சங்கத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான்.

1958 செப்டம்பர் 8

புதிய பருவம் தொடங்கி இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. செப்டம்பர் 8-ஆம் தேதி, திங்கட்கிழமை. வெஸ்ட் ஹாம் மைதானத்துக்கு மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி வருவதாக இருந்தது. அவ்வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி மியூனிக் நகரில் நேர்ந்த விமான விபத்தில் தனது ஆட்டக்காரர்களில் எட்டுப் பேரைப் பறிகொடுத்துவிட்டு, மீண்டும் எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்த கோஷ்டி அது. ஆகையால் அன்றைய பந்தயத்தில் ஜனங்களுக்கு இருந்த ஆவல் சாமான்யமானதல்ல.

வெஸ்ட் ஹாமில் இடதுபுற ஹாப்-பேக் ஸ்தானத்துக்கு ஆள் குறைந்துவிட்டது. வழக்கமாக ஆடுகிறவர்கள் காயப்பட்டிருந்தார்கள். ஆறாம் எண் சட்டைக்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் முப்பத்தொரு வயது ஆலிஸன். மற்றவன் அவரிடம் பாடம் கேட்ட பதினேழு வயது மாணவன். மானேஜர் டெட் பென்டனுக்கு முடிவு செய்ய இயலவில்லை. அப்போது காப்டனாக இருந்த நோயல் கான்ட்வெலை அழைத்து யோசனை கேட்டார்.

கான்ட்வெலின் சங்கடத்தை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ஆலிஸனுடைய உயிர்த்தோழர். காப்பிக் கடை மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தவர். நண்பனுடைய ஆசை என்னவென்று அவருக்குத் தெரியும். அந்த ஆசை நிறைவேற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் ஒரு நுரையீரலை இழந்தவர் தொண்ணூறு நிமிஷம் ஓடித் தாங்குவாரா என்பதும் அவருக்குத் தெரிந்த விஷயமே. பையனைப் போடுங்கள் என்று அவர் சொன்னார்.

அந்தக் கணத்தில் தமது மனநிலை எவ்வாறு இருந்தது என்பதைப் பாபி மூர் பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவ்விடம் தமக்கே கிடைக்க வேண்டும் என்ற ஆசையும், அது ஆலிஸனுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே சமயத்தில் ஒரே பலத்துடன் தம்மை வாட்டின என்றார். தாம் அறிந்ததெல்லாம் அவரிடம் கற்றது; அவரோ பல மாதங்கள் நோயுடன் போராடி அந்த இடத்துக்காகக் காத்திருந்தவர்; தாமோ நேற்று வந்தவர். ஆலிஸன் மாணவனை வாழ்த்திவிட்டுப் போனாராம். அந்த வாழ்த்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பிரயாசை வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாமே தவிர அளக்க முடியாது.

பந்தயத்தில் வெஸ்ட் ஹாம் மூன்றுக்கு இரண்டு கோல் கணக்கில் ஜெயித்தது. பையன் நன்றாக ஆடினான். இனி அவனை ‘அவன்’ என்று எழுதுவது பொருந்தாது. அன்று மாலையோடு பாபி மூர் தொழிலில் ‘அவர்’ ஆகிவிட்டார். மால்கம் ஆலிஸன் அதன்பின் வெஸ்ட் ஹாமின் முதல் கோஷ்டியில் ஆடவேயில்லை. சில நாட்களில் சங்கத்தை விட்டே விலகிவிட்டார்.

ஐந்தே நாளில்

கதைகளிலே என்றால் கதாநாயகன் இதற்குப் பின் மேலே மேலே ஏறிக்கொண்டே போவான். தொழில் அவ்வளவு தாராளமானதல்ல. ஐந்து நாள் கழித்து நாட்டிங்ஹாம் நகரில் அடுத்த பந்தயம். வெஸ்ட் ஹாம் ஒரு கோல்கூடப் போடாமல் நான்கு கோல் வாங்கித் தோற்றது. பாபி மூர் கோஷ்டியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பருவம் முழுவதிலும் லீக் பந்தயங்களில் அவர் ஆடியவை ஐந்துதான். திரும்பவும் இரண்டாவது கோஷ்டியில் ஆடி, முறைக்காகக் காத்திருந்தார். முதல் கோஷ்டியில் அவருக்கு நிரந்தரமாக இடம் கிடைத்தது 1960-ஆம் வருஷத்துக்குப் பின்புதான். இடையிலே இங்கிலாந்தின் இளைஞர் கோஷ்டிக்காகப் பதினெட்டுத் தடவை ஆடிப் பழகினார்.

வருமானமும் அப்போது ஒன்றும் பிரமாதமில்லை. எவ்வளவு பெரிய நிபுணனாயினும் வாரத்துக்கு 20 பவுனுக்குமேல் கொடுக்கக்கூடாது என்று சங்கங்கள் தங்களுக்குள் விதி ஏற்படுத்திக்கொண்டிருந்தன. வாயிலில் ஆயிரக்கணக்கான ஜனங்களிடம் டிக்கெட் பணம் வசூலாகும். ஆடுகிறவனுக்கு மட்டும் கூலிக்கு உச்சவரம்பு! ஒப்பந்தம் முடிந்தாலும் சங்கம் விரும்பினால் ஆட்டக்காரனை வேறு எங்கும் போகவிடாமல் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு விதி இருந்தது. சுதந்திரத்தைப் பற்றி உலகுக்கெல்லாம் உபதேசம் செய்த நாட்டில், தொழிலாளியைச் சங்கத்தோடு கட்டிப்போடும் இந்த ஏற்பாடு வெகுகாலம் நடந்துவந்தது. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வதாக எச்சரித்தபின், 1961-ஆம் வருஷம் ஜனவரியில் கூலி வரம்பு ஒழிந்தது. மற்ற விதியை, ஜார்ஜ் ஈஸ்தாம் என்ற ஆட்டக்காரர் நியூகாஸில் சங்கத்தின்மீது தொடுத்த வழக்கில், 1963-ஆம் வருஷத்தில் நீதிமன்றம் நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. பாபி மூர் தொழிலில் காலூன்றிய வருஷங்களும் இந்த மாறுதல்களின் வருஷங்களும் ஒன்றே என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது ஆசான்

1961-ஆம் வருஷம் ஏப்ரலில் ரான் கிரீன்வுட் வெஸ்ட் ஹாமின் மானேஜராக வந்தார். இவரும் ஹங்கேரியர்களின் ஆட்டத்தைக் கண்டு கண் திறந்தவர்களில் ஒருவர். ஆலிஸன் விதைத்ததை இவர் நீர் பாய்ச்சி வளர்த்தார். மூருடைய வேகக்குறைவை இவர் குறையாகப் பார்க்கவில்லை. அவரைச் சற்றுப் பின்னால் இழுத்து, நடுக்காவல் ஆட்டக்காரரின் பக்கத்தில் நிறுத்தினார். அங்கே நின்றால் ஆட்டம் முழுவதும் கண் முன்னே விரியும். வரும் ஆபத்தை முன்கூட்டியே படித்து அறுக்கலாம். அறுத்த பந்தை நிதானமாக முன்னே அனுப்பித் தாக்குதலையும் தொடங்கலாம். எண் அதே ஆறுதான். ஆனால் அந்த எண்ணின் பொருள் மாறிவிட்டது.

1962-ஆம் வருஷம் உலகக் கோப்பைப் பந்தயங்கள் தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்தன. இங்கிலாந்துக் கோஷ்டியில், தேசத்துக்காக அதற்குமுன் ஒரு தடவையும் ஆடாத மூரையும் சேர்த்துக்கொண்டார்கள். வழியில், மே 20-ஆம் தேதி, பெரு நாட்டின் லிமா நகரில் அவர் முதன்முதலாக இங்கிலாந்துக்காக ஆடினார். நான்கு கோல் வித்தியாசத்தில் வெற்றி. பின்னர் சிலியில் இங்கிலாந்து ஆடிய நான்கு பந்தயங்களிலும் அவர் இருந்தார். பிரேஸில் கோஷ்டியிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்று இங்கிலாந்து ஊர் திரும்பியது. ஆனால் புதிய காவல்காரர் கிடைத்துவிட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த வருஷம் மே 29-ஆம் தேதி, செக்கோஸ்லோவாகியாவை எதிர்த்துப் பிராட்டிஸ்லாவா நகரில் பந்தயம். காப்டன் ஜிம்மி ஆர்ம்பீல்டு காயப்பட்டிருந்தார். மானேஜர் ஆல்ப் ராம்ஸே, தலைமைப் பொறுப்பை மூரிடம் ஒப்புவித்தார். அன்று அவருக்கு வயது 22. அதற்குமேல் 47 நாள். அவ்வளவு இளம் வயதில் இங்கிலாந்துக்குத் தலைமை வகித்தவர் அதற்குமுன் யாருமில்லை. நான்குக்கு இரண்டு என்று இங்கிலாந்து வென்றது. 1964-ஆம் வருஷம் மே மாதத்தில் வெஸ்ட் ஹாமுக்கும் அவர் முதன்முதலாக எப். ஏ. கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று பத்திரிகைக்காரர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

மாணவனுக்கும் நோய்

இந்தப் புகழின் உச்சியிலே, 1964-ஆம் வருஷம் நவம்பரில், அவருக்கு விரையில் புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. வயது இருபத்து மூன்று. சஸ்திர சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் செய்தார்கள். அக்காலத்தில் புற்றுநோய் என்ற சொல்லையே குடும்பங்களில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சினார்கள். அவருக்கு நேர்ந்தது இன்னதென்று வெளியுலகம் அவர் வாழ்ந்திருந்த காலத்தில் அறியவில்லை. சுமார் மூன்று மாதம் ஒதுங்கியிருந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் மைதானத்துக்கு வந்தார்.

ஏழு வருஷங்களுக்கு முன் ஆசானை வீழ்த்தியதுபோலவே, இப்போது நோய் மாணவனையும் பிடித்து உலுக்கிப் பார்த்தது. ஆசானுக்கு அவ்விடம் திரும்பக் கிடைக்கவில்லை. மாணவனுக்குக் கிடைத்தது. தகுதியினால் மட்டுமே இந்த வித்தியாசம் நேர்ந்தது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. வயதும், நோயின் இயல்பும், ஒருவர் விட்ட இடத்துக்கு அச்சமயம் யார் காத்திருக்கிறார் என்பதும் சேர்ந்தே இத்தகைய விஷயங்களைத் தீர்மானிக்கின்றன. 1965-ஆம் வருஷம் மே 19-ஆம் தேதி, வெம்பிளியில், ஜெர்மனியின் மியூனிக் 1860 கோஷ்டியை இரண்டு கோலில் வென்று, ஐரோப்பியக் கோப்பை ஒன்றை மூர் தம் சங்கத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே நடந்தபோது, ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஜூன் மாதக் கடைசியோடு மூருடைய சங்க ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் வேறு சங்கத்துக்குப் போக விரும்பியதால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. எந்தச் சங்கத்தையும் சேராதவர் தேசத்துக்கு ஆடக்கூடாது என்பது சட்டம். ஆகவே கோஷ்டி தங்கியிருந்த ஹோட்டலுக்குக் கிரீன்வுட்டை வரவழைத்து, ஒரே ஒரு மாத ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இங்கிலாந்தின் காப்டன் அந்த ஒரு மாதத்து ஒப்பந்தத்தின் பலத்தில்தான் உலகக் கோப்பையை வென்றார்! ஜூலை 30-ஆம் தேதி, கோப்பையை வாங்கப் படியேறிச் சென்றவர், எலிஸபெத் ராணியின் வெள்ளைக் கையுறைகளைக் கண்டதும், தமது கையிலிருந்த சேற்றை மேஜை விரிப்பில் அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டார். பூட்ஸ் கயிற்றுக்கு இஸ்திரி போட்ட தாயாரின் வளர்ப்பு அங்கே தெரிந்தது.

ஆலிஸன் என்ன ஆனார் என்று நேயர்கள் கேட்பார்கள். அவர் பயிற்சியாளர் தொழிலை மேற்கொண்டார். 1965-ஆம் வருஷத்தில் ஜோ மெர்ஸர் என்பவருக்குத் துணையாக மான்செஸ்டர் சிட்டி சங்கத்தில் அமர்ந்தார். அச்சங்கம் 1968-இல் லீகில் முதலாவதாக வந்தது, 1969-இல் எப். ஏ. கோப்பையையும், 1970-இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் வென்றது. மூர் 1993-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி, ஐம்பத்தொரு வயதில், புற்றுநோயினால் காலமானார். ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்த ஆலிஸன் மாணவனுக்குப் பின்னும் பதினேழு வருஷங்கள் இருந்து, 2010-ஆம் வருஷத்தில் மறைந்தார்.

2008-ஆம் வருஷத்தில், அந்தத் திங்கட்கிழமைக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவதையொட்டி, வெஸ்ட் ஹாம் சங்கத்தார் ஒரு தீர்மானம் செய்தார்கள். பாபி மூர் நினைவாக, ஆறாம் எண் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்பதே அது. அந்தப் பழைய மைதானமும் இப்போது இல்லை. 2016-ஆம் வருஷத்தில் சங்கம் வேறிடத்துக்குக் குடிபோய்விட்டது.

விளையாட்டிலோ சங்கீதத்திலோ கைத்தொழிலிலோ தங்கள் குழந்தை முன்னுக்கு வரவேண்டும் என்று விரும்பும் பெற்றோர்கள் நம் நாட்டிலும் இன்று அநேகர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. குழந்தைக்குப் பிறவித் திறமை எவ்வளவு என்று அளந்து பார்ப்பதோடு, அதற்குக் கற்பிக்கிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். நல்ல ஆசான் ஒருவர் கிடைத்திருந்தால், அவர் தமக்கென்று வைத்திருந்த எதையோ கொடுத்துத்தான் கற்பிக்கிறார் என்பதைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாபி மூர் அதை யாரும் சொல்லாமலே உணர்ந்திருந்தார். ஆறாம் எண் சட்டையை அணிந்த முதல் நாளன்றே அவர் மனம் சங்கடப்பட்டது அதனால்தான்.